யானை நுழையாத வேலி

மழை தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில், நடுவர் தம்பி சொன்னது முதலில் என் காதில் விழவில்லை. இரண்டாம் முறை குனிந்து, கொஞ்சம் பலமாகச் சொன்னார்.

"அம்மா, நீங்க தோத்துட்டீங்க. கம்ப்யூட்டர் சொல்லிருச்சு."

பதுளை டவுனில் ஒரு மண்டபம். மூலையில் விரித்து வைத்திருந்த குடைகளிலிருந்து தண்ணீர் ஓடி என் செருப்பு வரை வந்திருந்தது. எங்கோ பின்னால் கட்லட் பொரித்த மணம். என் முன்னால் செஸ் பலகை. என் கை இன்னும் என் ராஜாவின் தலையில்தான் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

நான் தோற்கவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வாய் திறக்க வேண்டுமே. ஆயுசு முழுக்க எனக்கு வராத காரியம் அது ஒன்றுதான்.

தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் தொட்டில் அறுந்த கதையை முன்பு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒருவர், "உங்களுக்குக் கோபமே வராதா?" என்று எழுதிக் கேட்டிருந்தார். வரும். வந்து தொண்டையில் நின்றுகொள்ளும். அப்படி நிற்காமல் ஒரு பேச்சு வெளியே வந்த நாள்தான் அந்த மழை நாள். நடந்து ரொம்ப நாள் ஆகவில்லை. அதனால் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

அவளும் இருக்கா

மரகதத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். என் அண்ணன் பெண்சாதி. எனக்கு மதினி. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற ஒரே வரிசை வீட்டில் அடுத்தடுத்த காம்பரா எங்களுக்கு. நடுவில் ஒரு சுவர்தான். அவர் பேசினால் அந்தச் சுவர் இருக்கிறதே தெரியாது.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தைப் பெரட்டுக்களம் என்போம். கணக்கப்பிள்ளை பேர் வாசிப்பார். நாம் பதில் கொடுக்க வேண்டும். நான் வேலைக்குப் போன புதிதில் "அஞ்சலை" என்று கூப்பிட்டார். நானும் பதில் சொன்னேன். என் சத்தம் என் கூடை வரைக்குந்தான் போயிற்று. கூடையோடு அவருக்கு எதிரிலேயே நின்றும், வரவில்லை என்று எழுதிவிட்டார்.

மறுநாளிலிருந்து மதினிதான் எனக்கும் சேர்த்துப் பதில். "இருக்கேன், அவளும் இருக்கா." ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார். நாங்கள் இருவரும் வேலையை விட்டு நிற்கும் வரைக்கும் அப்படியே நடந்தது.

என் கல்யாணப் பதிவின்போதும் அதே கதைதான். பதிவுகாரர் என்னைப் பார்த்து சம்மதமா என்று கேட்டார். பின்னாலிருந்து மதினி "சம்மதம்" என்றார். மாப்பிள்ளைக்கு யாரைக் கட்டி வைப்பது என்று பதிவுகாரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த வரைக்கும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

துரைமாருக்கு மட்டும் ரெண்டு அடி

நான் வேலைக்குப் போவதற்கு முன்னால் மதினி கொஞ்சக் காலம் தோட்டத்துத் துரையின் பெரிய பங்களாவில் ஆயாவாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்துத் துரை வருவார். இரண்டு துரையும் வராந்தாவில் உட்கார்ந்து செஸ் ஆடுவார்கள். தேத்தண்ணி கொண்டு போய் வைக்கிற சாக்கில் மதினி நின்று நின்று பார்த்தே ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அந்தத் துரை தோட்டத்தை விட்டுப் போகும்போது பழைய சாமான்களோடு அந்தப் பெட்டியும் இவர் கைக்கு வந்தது. ஒரு குதிரை குறைந்தது. அதற்கு ஒரு மருந்துப் போத்தல் மூடியை வைத்துக்கொண்டோம். இன்றைக்கும் அந்த மூடிதான் எங்களுக்குக் குதிரை.

எனக்கு முதலில் பயம். எங்கள் லயத்து ஆம்பளைகள் சோடா மூடி வைத்துத் தாம் என்கிற ஆட்டம் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். அதில் வெட்டுக்கு வந்தால் வெட்டியே ஆக வேண்டும். வெட்டாவிட்டால் உன் காயைத் தூக்கிவிடுவார்கள். ஒருத்தரை விருப்பமில்லாமல் வெட்டச் சொல்லுகிற விளையாட்டு என்ன விளையாட்டு என்று எனக்குத் தோன்றும்.

அதனால் மதினியிடம் நான் கேட்ட முதல் கேள்வியே அதுதான். இதில் கட்டாயம் வெட்ட வேண்டுமா?

வேண்டாம், விருப்பமென்றால் வெட்டு, இல்லாவிட்டால் விடு என்றார். அன்றைக்கு நான் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தேன். இன்னும் எழும்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆட்டத்தில் முன்வரிசையில் எட்டுக் காலாள் நிற்கும். நேராக மட்டும் நடக்கும், சரிவாக வெட்டும். அதற்கு முதல் தடவை மட்டும் இரண்டு அடி வைக்க உரிமை உண்டு. எங்களுக்கு அது தெரியாது. வருசக்கணக்காக எங்கள் காலாள் ஒற்றை அடிதான் வைத்தது. ஒரு நாள் தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டர் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திருத்தினார். மதினி கொஞ்சமும் அசரவில்லை.

"துரை ரெண்டு அடி வச்சத நானும் பாத்தேன் மாஸ்டர். அது துரைமாருக்கு மட்டும்னு நெனச்சுட்டேன்."

மாஸ்டர் படியில் உட்கார்ந்து சிரித்தார். ஆனால் அந்தப் பிழைதான் என் ஆட்டத்தை உண்டாக்கியது. ஒற்றை அடியாக வைத்து வைத்து, என் காலாளும் மதினியின் காலாளும் மூக்கோடு மூக்கு முட்டி நிற்கும். ஒன்று ஒரு கட்டம் மேலே, பக்கத்தில் இருப்பது ஒரு கட்டம் கீழே, அடுத்தது மறுபடி மேலே. இப்படி அமைந்துவிட்டால் எந்தக் காலாளும் நகர முடியாது, ஒன்றை ஒன்று வெட்டவும் முடியாது. பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வேலி மாதிரி நிற்கும். உள்ளே என் ராஜா நிம்மதியாக இருப்பார்.

மதினியின் ஆட்டம் வேறு மாதிரி. வெட்டு, வெட்டு, மறுபடி வெட்டு. ஞாயிறு தலைக்குக் குளித்துவிட்டு, முடி காயும் வரைக்கும் ஆடுவோம். பாதிக்கு மேல் அவர்தான் வெல்வார். நான் பூட்டிவிட்ட நாளில் மட்டும் அவருக்கு ஆத்திரம் வரும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே குந்தியிருப்பதெல்லாம் ஒரு ஆட்டமா என்பார். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டும் சொல்லுவார். நான் சிரித்துக்கொண்டு காய்களைப் பெட்டியில் அடுக்குவேன். ஆனால் மனதில் ஒரு மூலையில் அது குத்தும். ஏனென்றால் நான் இருப்பதும் அப்படித்தானே.

வரைபடம் கொண்டுவந்த சின்னதுரை

இங்கே ஒரு பழைய சம்பவம். சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்று நீங்களே பாருங்கள்.

தோட்டத்துக்குப் புதிதாக ஒரு சின்னதுரை வந்தார். கொழும்புப் பக்கத்துப் பிள்ளை, நல்ல மாதிரி. கையில் எப்போதும் ஒரு வரைபடம். ஒரு நாள் நாங்கள் மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். அவர் கீழே ரோட்டில் நின்று வரைபடத்தைப் பார்த்தார். எங்கள் மலைக்கு வர ரோடு சுற்றிக்கொண்டு வரும். குறுக்கே வந்தால் கால்வாசித் தூரம். அவர் குறுக்கே இறங்கிவிட்டார்.

அந்தக் குறுக்கு மலை, கிளையெல்லாம் கழித்துக் கவ்வாத்து வெட்டி நாலு வருசம் ஆனது. செடியும் செடியும் கை கோர்த்துப் பின்னிக் கிடக்கும். கீழே ரோட்டுப் பக்கத்திலிருந்து அதற்குள் ஆள் போக வழியே இல்லை. மேலே இருந்த எங்கள் இருபது பேருக்கும் அது தெரியும். பார்த்ததுமே தெரியும். அவரோ ஒரு செடியில் இடித்துத் திரும்பி, அடுத்த செடிக்குப் போய், அங்கேயும் இடித்துத் திரும்பி, ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துரை கேட்காமல் நாம் பேசக் கூடாது. அது அந்தக் காலத்து வழக்கம். அதனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்குத்தான் அவர் நேர் கீழே. ஒரு சத்தம் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும். மதினி அன்றைக்கு வேறு மலையில். நான் பேசாமல் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டு நின்றேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து அவர் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார். கால்சட்டை கிழிந்து, இரண்டு காலிலும் அட்டை. மேலே பார்த்து, வழியில்லை என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார். கேட்டுவிட்டாரே, இனிப் பேசலாம் என்று மற்ற எல்லாரும் ஒரே குரலில் "தெரியுங்க" என்றார்கள். நான் மட்டும் அப்போதும் சொல்லவில்லை.

இரண்டு கேள்விக்குறி

மகளுக்குக் கொழும்பில் வேலை. போன தீபாவளிக்கு வந்தபோது தன் பழைய போனை எனக்குக் கொடுத்து, அதில் செஸ்ஸும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். அம்மா தனியாக இருக்கிறாளே என்ற யோசனை. மதினி இருக்கும்போது ஒருத்தி எப்படித் தனியாக இருக்க முடியும் என்பது அவளுக்கு மறந்துவிட்டது.

போனின் ஆட்டம் பெரிய ஆட்டம். பொய் சொல்லக் கூடாது. பதினைந்து இருபது நடையில் என்னைத் தூக்கிப் போட்டுவிடும். மதினியை அதற்கும் முன்னாலேயே. மதினி ஒரு தடவை தோற்றுவிட்டுப் போனைத் தலையணைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

தோற்பது எனக்கு வருத்தமில்லை. பலகைக்குப் பக்கத்தில் ஒரு கோடு இருக்கும். யார் கை ஓங்கி இருக்கிறது என்று அது காட்டும். என் பக்கம் எப்போதும் வற்றிய பானைதான். ஆட்டம் முடிந்ததும் நான் வைத்த நடைக்கெல்லாம் மார்க் போடும். காலாளைப் பூட்டும் ஒவ்வொரு நடைக்கும் சிவப்பில் கேள்விக்குறி. சிலதற்கு இரண்டு.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அங்கேகூட யாரும் எனக்கு இரண்டு கேள்விக்குறி போட்டதில்லை.

மதினிக்கு அது வெல்லம். "பாத்தியா, நான் சொன்னா கேக்கல. இப்ப மெசினே சொல்லிருச்சு" என்றார். உலகத்துப் பெரிய பெரிய ஆட்டக்காரர்களையே ஜெயிக்கிற சாமான் என்று மகளும் சொல்லியிருந்தாள். அப்போது நான் இத்தனை வருசமும் ஆடியது பிழையா? கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது பிழையா? சில நாள் சோறு பொங்கும்போதுகூட அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். எப்போதாவது ஒரு நாள் முழுசாகப் பூட்ட முடிந்துவிடும். அன்றைக்கு அந்தப் போன் என்னிடமிருந்து யானை, குதிரை எல்லாவற்றையும் பிடுங்கியிருக்கும். கோடும் அதன் பக்கமே நிறைந்து நிற்கும். ஆனால் அதற்கு உள்ளே வர வழி இருக்காது. யானையை இந்தப் பக்கம் வைக்கும், அந்தப் பக்கம் வைக்கும், மறுபடி இந்தப் பக்கம். ஜெயித்துக்கொண்டிருப்பதாகக் காட்டிக்கொண்டே நடந்துகொண்டிருக்கும். ஒரு தடவை அப்படி நடந்து நடந்து போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

சின்னதுரை ஞாபகம் வந்தது எனக்கு. தனியாகச் சிரித்தேன். மதினியிடம் சொல்லவில்லை.

மன்னிச்சுக்கங்க தங்கச்சி

முதியோருக்கான போட்டி என்று பதுளையில் வைத்தார்கள். ஒரு ஊருக்கு இரண்டு பேர். மதினி என்னைக் கேட்காமலே என் பேரையும் கொடுத்துவிட்டார். எப்படியோ கடைசிச் சுற்று வரை வந்துவிட்டோம். எதிரில் பதுளை டவுன்காரர்கள். மதினிக்கு ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர். எனக்குப் பாரூக் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்போம்.

நானா புடவைக் கடை வைத்திருந்து, கடையை மகனிடம் கொடுத்துவிட்டவர். வெள்ளைத் தாடி, மெதுவான பேச்சு. நாற்காலி தாழ்ந்து பதிவாக இருக்கிறது என்று தான் உட்கார்ந்திருந்த சின்ன மெத்தையை எடுத்து எனக்குப் போட்டார். அதன் பிறகு என் காய்களை ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினார். ஒவ்வொரு தடவையும் "மன்னிச்சுக்கங்க தங்கச்சி" என்பார். குதிரை போயிற்று, மன்னித்தேன். ராணிக்கு ராணி போயிற்று. இரண்டு யானையும் போயிற்று, மன்னித்தேன். அவர் வெட்டுவதிலேயே குறியாக இருந்த நேரத்தில் நான் காலாளை ஒன்று மேலே, ஒன்று கீழே என்று வைத்துக்கொண்டே வந்தேன். கடைசிக் காலாளும் மூக்கு முட்டியபோது அவரிடம் இரண்டு யானை இருந்தது. என்னிடம் ராஜாவைத் தவிர, சரிவாக ஓடும் மந்திரி ஒன்றுதான்.

வேலி பூட்டியாகிவிட்டது. நானா அரை மணித்தியாலம் தாடியைத் தடவிக்கொண்டு யானைகளை அங்கும் இங்கும் வைத்துப் பார்த்தார்.

இதற்குள் மதினி தபால்காரரை ஜெயித்துவிட்டார். மண்டபம் முழுக்கத் தெரியும், ஏனென்றால் அவரே எல்லாரிடமும் சொன்னார். ஆகவே எனக்கு அரைப் புள்ளி, அதாவது வெற்றி தோல்வி இல்லை என்று முடிந்தால் போதும், கோப்பை எங்களுக்கு. நான் தோற்றால் இரண்டு பக்கமும் சமம். பிறகு பூவா தலையா போட்டுப் பார்ப்பார்களாம்.

அப்போது பரிசு கொடுக்கும் நேரம் வந்துவிட்டது, இனி ஆட முடியாது, முடியாத ஆட்டத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துச் சொல்லும் என்றார்கள். நடுவராக இருந்த தம்பி எங்கள் காய்கள் நிற்கிற மாதிரியே தன் கம்ப்யூட்டரில் அடித்தார். சுவரில் பெரிதாகத் தெரிந்தது. நானா பக்கம் ஏழு என்று காட்டியது. ஏழு என்றால் மலை மாதிரி வித்தியாசமாம். அப்போதுதான் குனிந்து என்னிடம் சொன்னார், தோற்றுவிட்டேன் என்று.

பூட்டியிருக்குங்க

மதினி நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். யார் தோற்றது, எங்கள் அஞ்சலையா என்று ஆரம்பித்தார். தம்பி கையைக் காட்டி நிறுத்தினார். ஆட்டக்காரர்தான் பேச வேண்டும், கூட வந்தவர் பேசக் கூடாது, அது விதி என்றார்.

மதினி வாயை மூடினார். அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததே இல்லை. மூடிய வாயோடு என்னைப் பார்த்தார்.

பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டுவிட்டார்கள். சொல்ல ஆள் இல்லை. அந்த மாதிரி இருந்தது எனக்கு.

"பூட்டியிருக்குங்க" என்றேன்.

தம்பிக்குக் கேட்கவில்லை. காதை அருகே கொண்டுவந்தார்.

"வழியில்லைங்க. பூட்டியிருக்கு."

அவர் கோபப்படவில்லை, பாவம். சுவரைக் காட்டினார். "அங்க பாருங்கம்மா, ஏழு காட்டுது. உலகத்துல இத ஜெயிக்க ஆள் இல்ல. இது பொய் சொல்லாது."

"பொய் சொல்லலைங்க. அதுக்கு இன்னும் தெரியல."

மண்டபத்தில் ஒருவர் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. வேறு நாளாக இருந்தால் அதோடு நின்றிருப்பேன். ஆனால் மேல் மலையிலிருந்து அந்தச் சின்னதுரையைப் பார்த்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம்.

"அதையே ஆடச் சொல்லுங்க தம்பி. நானாவுக்குப் பதிலா அது ஆடட்டும். உள்ள வந்துட்டா நான் தோத்ததாவே எழுதிக்கங்க."

தம்பி யோசித்தார். அப்போது பாரூக் நானா எழும்பி நின்றார். பேசாமல் இருந்திருந்தால் அவருக்குத்தான் லாபம்.

"தங்கச்சி சொல்றது நியாயம்தான். நானும் அவ்வளவு நேரமா வாசல் தேடினேன், கெடைக்கல்ல. மெசினுக்குக் கெடைச்சா நானும் கத்துக்கிறேன்" என்றார்.

நல்ல காலம், ஹாலிஎலப் பக்கம் மரம் விழுந்து பரிசு கொடுக்க வருகிறவரின் வாகனம் நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. நேரம் கிடைத்தது. தம்பி விதியைச் சொன்னார். இரண்டு பக்கமும் ஐம்பது ஐம்பது நடை. அதற்குள் ஒரு காலாளும் நகராமல், ஒரு காயும் வெட்டுப்படாமல் போனால் சமம்.

ஐம்பது நடை

கம்ப்யூட்டர் யானையை இடது மூலைக்குக் கொண்டு போனது. நான் ராஜாவை ஒரு கட்டம் வைத்தேன். அது மற்ற யானையை நடுவுக்குக் கொண்டு வந்தது. நான் ராஜாவைப் பழைய கட்டத்துக்கே வைத்தேன். அது யானையை வலது மூலைக்கு. நான் மறுபடி ஒரு கட்டம்.

பத்து நடை ஆயிற்று. சுவரில் ஏழுதான். தபால்காரர் சத்தமாக எண்ணத் தொடங்கினார். சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ எனக்கு ஒரு கட்லட்டை நீட்டினார்கள். ஒரு கையில் கட்லட், ஒரு கையில் ராஜா.

இருபதில் ஆறு சொச்சம். அது தன் ராஜாவைக்கூட முன்னுக்குக் கொண்டுவந்து வேலி ஓரமாக நடத்திப் பார்த்தது. என் காலாளுக்கு அடுத்த கட்டத்தில் கால் வைக்க முடியாமல் திரும்பிப் போனது. மதினி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார்.

முப்பதைத் தாண்டியதும் ஒரு காரியம் செய்தது. ஒரு யானையைக் கொண்டுவந்து என் இரண்டு காலாளுக்கும் நேர் சரிவில் வைத்தது. சும்மா வெட்டலாம். யானை இலவசம்.

மண்டபமே மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. பின்னாலிருந்து ஒரு கிழவர் வெட்டு வெட்டு என்று முணுமுணுத்தார். தாம் ஆடிப் பழகியவராக இருக்கும். என் கையும் கொஞ்சம் போயிற்று. ஆயுசில் எனக்கு யாரும் யானை கொடுத்ததில்லை.

பிறகு பார்த்தேன். வெட்டினால் என் காலாள் சரிவாகப் போய்விடும். அது நின்ற இடம் ஓட்டை. அந்த ஓட்டைக்கு நேர் பின்னால் மற்ற யானை காத்துக்கொண்டு நிற்கிறது. போனில் இதே மாதிரி ஒரு நாள் ஆசைப்பட்டு வெட்டி மாட்டிக்கொண்டவள் நான்.

விருப்பமென்றால் வெட்டு, இல்லாவிட்டால் விடு. ராஜாவை ஒரு கட்டம் வைத்தேன்.

தம்பி சுவரைப் பார்த்தார். மூன்று. பிறகு பலகையைப் பார்த்தார். அதுவரைக்கும் அவர் பலகையைப் பார்க்கவே இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. விரலை வைத்து என் காலாள்களை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். கடைசிக்கு வந்ததும் மெதுவாக, "அட" என்றார்.

அதன் பிறகு அந்த யானையும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிப் போய்விட்டது. நாற்பதில் இரண்டு. நாற்பத்தைந்தில் ஒன்றுக்கும் கீழே. தபால்காரர் ஐம்பது என்றபோது சுவரில் பூச்சியம் நின்றது.

முதலிலிருந்து ஆடினால் அந்தச் சாமான் என்னைக் கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எத்தனை வழி இருக்கிறதோ அத்தனையிலும் போய்ப் பார்க்கிற கெட்டிக்காரத்தனம் எனக்கு ஏது? ஆனால் நாங்கள் முதலில் வேலியைப் பார்க்கிறோம். அது ஒவ்வொரு செடியாக இடித்துப் பார்க்கிறது. எனக்குத் தெரிந்திருந்தது அதற்குத் தெரிய ஐம்பது நடை பிடித்தது.

நானா தாடியைத் தடவிக்கொண்டு, கடை சாத்தின பிறகு வந்த ஆள் எவ்வளவு தட்டினாலும் உள்ளே விட முடியாதுதானே என்றார். அதற்குப் பிறகு அந்த மெத்தையை என்னையே வீட்டுக்குக் கொண்டு போகச் சொன்னார்.

பரிசு கொடுப்பவர் நனைந்துபோய் வந்து சேர்ந்தார். தம்பி மைக்கைப் பிடித்துக்கொண்டு எங்கள் தோட்டத்தின் பேரைச் சொன்னார். மரகதம் என்று கூப்பிட்டார். "இருக்கேன்" என்று மதினி கொடுத்த சத்தத்துக்கு மைக்கே தேவையில்லை. அடுத்து அஞ்சலை என்றார். பழக்க தோசம், மதினி அதற்கும் வாயைத் திறந்தார்.

"இருக்கேன்" என்றேன்.

முன்வரிசை திரும்பிப் பார்த்தது. மதினி திறந்த வாயை மூடாமல் என்னையே பார்த்தார்.

"அடிப்பாவி, சத்தம் இருந்துச்சா ஒனக்கு? இத்தன வருசமா எந் தொண்டையத்தானே தேச்சுக்கிட்டு இருந்தேன்."

நான் மெத்தையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கோப்பை வாங்க நடந்தேன். ஒரு நாளைக்கு அவ்வளவு பேச்சுப் போதும்.